ரெண்டு விசில்

பூச்சி வளையத்திலேயே மாட்டியிருக்கிறது, ஒரு வருஷமாக. ஓடைக்கரையில் ஹெலன், சுற்றியிருந்த பழைய சேலையைப் பிரித்து, அவள் புருஷன் எபியின் தூண்டில் கம்பை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டியபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த வளையத்தைத்தான் பார்த்தேன். "அன்னைக்கு நீங்க கொண்டுவந்து குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே பீரோவுக்குப் பின்னாடி நிறுத்தி வெச்சிருந்தேன்ணா, ஒண்ணுமே தொடல" என்றாள். தொடவில்லை என்பதுதான் தெரிகிறதே. கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே மூக்குத்தி அளவு ஒரு கம்பி வளையம், அதில் மீனை ஏமாற்ற எபி இறகும் நூலும் வைத்துக் கட்டிய செம்பழுப்புப் பூச்சி கொக்கியால் மாட்டித் தொங்குகிறது, சேவல் கழுத்து இறகு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான், மற்றபடி நேற்றுக் கட்டியது போல இருக்கிறது. தூண்டில் போடுகிறவன் மீன்பிடிப்பதை நிறுத்தினால்தான் பூச்சி வளையத்துக்குப் போகும். நடக்கும்போது, டீ குடிக்கும்போது, வீட்டுக்குக் கிளம்பும்போது, செடியில் கிடியில் சிக்காமல் இருக்கட்டும் என்று மாட்டிக்கொள்வோம். மீனுக்கு வீசிக்கொண்டிருப்பவனின் பூச்சி தண்ணீரிலோ காற்றிலோதான் இருக்கும், வளையத்தில் இருக்காது. இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை, தெரிந்தவனுக்குப் பார்த்தவுடனே தெரியும், ஆனால் ஹெலனுக்குத் தெரியாது, பாஸ்டருக்குத் தெரியாது, அடக்க ஆராதனைக்கு வந்த முந்நூறு பேருக்கும் தெரியாது. கையில் தூண்டிலோடு, வீசிக்கொண்டிருந்த அந்த நொடியிலேயே நம் சகோதரன் எபனேசரை ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று பாஸ்டர் சொன்னபோது எத்தனை பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவருக்கு அப்படிச் சொன்னவன் நான். ஒரு வருஷமாக அந்தக் கம்பு ஒரு பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை, இவன் பொய் சொல்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது என் விரல் அந்தக் கொக்கியை வளையத்திலிருந்து கழற்றுகிறது.  மார்ச் மாதம், காலை ஏழரை மணி, மலைக்குளிரில் கொக்கி ஜில்லென்றிருக்கிறது. கழன்றுவிட்டது. இனி அதைப் படித்துப் பார்க்க யாராலும் முடியாது, நான் ஒருவன் வாயைத் திறந்தால்தான் உண்டு.

தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது, ரப்பர் பூட்ஸைத் தாண்டி ஜில்லென்று எலும்பைப் பிடிக்கிறது. சட்டி மடுவின் கீழ் விளிம்பில் நிற்கிறேன், மீன் எல்லாம் மேல்பக்கம் பார்த்து நிற்கும், ஓடை கொண்டுவருவதைத் தின்பதுதான் அதற்கு வேலை, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது, அதனால்தான் நாங்கள் எப்போதும் கீழிருந்து மேலே போவோம். காட்டுப் பூவரசு இந்த வருஷம் முன்னாடியே பூத்துவிட்டது. கரையில் வளைந்து நிற்கும் மரத்திலிருந்து சிவப்புச் சிவப்பாக உதிர்ந்து மிதந்து வருகிறது, ஒவ்வொரு இதழும் மீன் மேலே வருகிற மாதிரி ஏமாற்றுகிறது. ஹெலன் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பாறைதான். அது அந்தப் பாறை என்று அவளுக்கு நான் சொல்லவில்லை, அவளாகப் போய் உட்கார்ந்தாள், வெயில் அங்கேதான் முதலில் விழுகிறது. எபியும் அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருப்பான். எபி பி.டி. மாஸ்டர், முப்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடம், எதைச் சொன்னாலும் டிரில் எடுப்பது போலத்தான் சொல்வான், எனக்குக் கம்பை வீசக் கற்றுக்கொடுத்ததுகூட அப்படித்தான், "ஒன், பின்னால கொண்டு போ, நிறுத்து, மூச்சு விடு, டூ, முன்னால விடு, அடிக்காதடா சபாபதி, இது உங்க ஈ.பி. லைன் கம்பி இல்ல, நூல்." நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன், என் கைக்குத் தெரிந்தது கனமான கம்பிதான், இரண்டு சீசன் முழுக்க நான் பிடித்தது புதரையும் என் தொப்பியையும்தான். இப்போதும் ஒன் என்று மனசுக்குள் அவன் குரல்தான் எண்ணுகிறது. பூச்சி மெல்ல மடுவின் நடுவில் போய் விழுந்து மிதந்து வருகிறது. ஒன்றும் எடுக்கவில்லை.

போன வாரம் ஹெலன் கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு, எபி இருந்தபோதும் அப்படித்தான், அவன் போன பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. என் கோமதி போய் ஆறு வருஷம் ஆகிறது, மகன் பெங்களூரில், எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஒரு நாற்காலி காலியாக இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் சாப்பிடுவோம். அன்று சாப்பாடு முடிந்ததும் சொன்னாள், "புதன்கிழமையோட ஒரு வருஷம் ஆகுதுண்ணா. சாயங்காலம் வீட்ல ஜெபம் வெச்சிருக்கேன். நீங்கதான் அவரைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும், கடைசியா கூட இருந்தது நீங்கதானே." கூட இருந்தது. அந்த வார்த்தையைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன். அப்புறம் இன்னொன்று கேட்டாள், "காலையில என்னை அங்க ஒரு தடவை கூட்டிட்டுப் போறீங்களா? அந்தக் கலெக்டரைப் பார்க்கணும்." கலெக்டர் என்பது சட்டி மடுவில் இருக்கும் பெரிய மீனுக்கு நாங்கள் வைத்த பெயர். எத்தனை தடவை வந்தாலும் பார்க்கக் கிடைக்காது, பார்த்தாலும் காரியம் ஆகாது, எபி வைத்த பெயர்தான், ஐந்து வருஷமாக அவர்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. இல்லை என்று எப்படிச் சொல்வது. ஆக இன்று காலை மீன், சாயங்காலம் ஜெபம். சாயங்காலம் நான் எழுந்து நின்று, கையில் தூண்டிலோடு, வீசிக்கொண்டிருந்த நொடியில் என்று மறுபடி சொல்ல வேண்டும், இந்த முறை என் வாயாலேயே, எல்லாருக்கும் முன்னால். இல்லாவிட்டால் அதற்கு முன் இந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று. ராத்திரி முழுக்க இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், இரண்டுமே வாய் வரை வந்து நின்றுகொள்கிறது. ஒன், நிறுத்து, டூ. பூவரசு இதழ் ஒன்று சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, வெளியே வரப் பார்க்கிறது, மறுபடி உள்ளே போகிறது.

"அண்ணா, கைவலையை நான்தானே வெச்சிருக்கணும்?" என்று ஹெலன் கேட்கிறாள். "ஆமாம்மா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்கிறேன். வந்ததும் முதல் வேலையாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள், ஸ்கூல் பிள்ளை பையை மாட்டுவது போல, இன்னும் கழற்றவில்லை. மாட்டிய மீனை அள்ளி எடுக்க அந்த வலைதான் எல்லாம். எங்களுக்குக் கம்பு இரண்டு, வலை ஒன்று. கொக்கியின் முள்ளை நாங்கள் குறட்டால் நசுக்கிவிடுவோம், சின்ன மீனைத் திருப்பி விடும்போது வாய் கிழியக்கூடாது என்று. முள் இல்லாத கொக்கியில் மீனை நிறுத்தி வைப்பது நூலின் இழுப்பு ஒன்றுதான், கொஞ்சம் தளர்ந்தால் உதறிவிட்டுப் போய்விடும். அதனால் பெரிய மீன் மாட்டினால் வலை உடனே வர வேண்டும். எபி அதற்கு ஒரு சட்டம் போட்டான். வலை ஒருவரிடம் இருக்கும். மற்றவனுக்கு வேண்டுமென்றால் வாயில் விரல் வைத்து இரண்டு விசில். இரண்டு விசில் கேட்டால் கேள்வி கிடையாது, நீ என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும், உன் தூண்டிலில் மீன் இருந்தாலும் சரி. பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் அதை மீறியதில்லை. ஒருமுறை நான் பேண்டை இறக்கி உட்கார்ந்திருந்தபோது விசில் அடித்தான், பேண்டைப் பிடித்துக்கொண்டே ஓடினேன், அதை அவன் பள்ளிக்கூட ஆண்டு விழா வரைக்கும் கொண்டு போய்ச் சொன்னான். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான். ஒரே ஒரு தடவை. சரி, இப்போது அதை யோசிக்க வேண்டாம், பூச்சி நனைந்து மூழ்குகிறது, ஊதி உலர்த்த வேண்டும். வாயருகே கொண்டுபோய் ஊதுகிறேன். அவன் விரல் பட்ட நூல். முடிச்சுப் போட்டு எச்சில் தொட்டு இறுக்குவான், அந்த எச்சில்கூட இதில் இருக்கும்.

அன்று சட்டி மடு என் முறை. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது, இல்லை, அதற்கு முன்பே, அன்று அவன் வழியிலேயே மூன்று மீன் பிடித்துவிட்டான், எனக்கு ஒன்றும் இல்லை. ஓடை வளைவிலிருக்கும் தட்டைப் பாறையில் பையை வைத்துவிட்டு டீ குடித்தோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் சட்டி மடுவுக்குப் போவது, மற்றவர் வளைவுக்குக் கீழே நிற்பது, அந்த வாரம் நான். அவன் எழுந்து, கம்பைத் தூக்கிக்கொண்டு, "இன்னைக்கு உன் கை சரியில்லடா, கலெக்டரைப் பயமுறுத்தி டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போக வெச்சிருவ, நான் போறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். விளையாட்டுத்தான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். நானும் சிரித்தேன், ஆனால் வயிறு எரிந்தது. அறுபத்து மூன்று வயதில், பேரன் எடுத்த பிறகு, ஒரு மீனுக்காக. அவன் முகம் அன்று கொஞ்சம் வெளிறியிருந்ததா, ஏறி வரும்போது இரண்டு தடவை நின்றானா, நின்றான், நான்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி முன்னால் நடந்தேன். கீழே நின்று வீசிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். விசில் கேட்டது. இரண்டு. தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், நடக்கவில்லை, நானூறு மீட்டர் கிரவுண்டின் அந்தக் கோடியில் இருப்பவனை நிறுத்துகிற விசில் அது, வளைவுக்கு இந்தப் பக்கம் அறுபது கஜத்தில் இருக்கும் எனக்கா கேட்காது. கேட்டது. வலை என் தோளில் இருந்தது. கேட்டவுடன் என் மனசு என்ன சொன்னது தெரியுமா, மாட்டிவிட்டான். என் முறையில், என் மடுவில், கலெக்டரை மாட்டிவிட்டான். அடுத்து சொன்னது, இரு, கொஞ்சம் காத்திரு, நூல் தளரட்டும், உதறிக்கொண்டு போகட்டும். அப்படித்தான் நினைத்தேன், வார்த்தை வார்த்தையாக.

மறுபடி விசில். இரண்டுதான், ஆனால் மெதுவாக, இரண்டாவது பாதியிலேயே நின்றது. கம்பை இரண்டு கையால் பிடித்திருக்கிறான், வாயில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு பெரிய மீன் என்று நினைத்தேன். நான் என் பூச்சியை மாற்ற ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, கை எதையாவது செய்ய வேண்டும், வர முடியாததற்கு ஒரு சாக்கு வேண்டும், பூச்சி மாற்றிக்கொண்டிருந்தேன்டா என்று சொல்லலாம். பழையதை அறுத்து, டப்பாவைத் திறந்து, நிதானமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, அந்தச் சின்னத் துவாரத்தில் நூலைக் கோத்து, ஐந்து சுற்று சுற்றி, இறுக்கி, மிச்சத்தைக் கடித்துத் துப்பி. அத்தனையும் அழகாகச் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல முடிச்சு நான் போட்டதே இல்லை. பிறகு நடந்தேன், ஓடவில்லை, நடந்தேன், நடக்கும்போதே முகத்தைச் சரிசெய்துகொண்டேன், அட, கலெக்டரா என்று ஆச்சரியப்பட வேண்டுமே, பொறாமை தெரியக்கூடாதே. பத்து நிமிஷமா, பன்னிரண்டா. அந்தச் சிரிப்போடுதான் புதரைத் தாண்டினேன். எபி பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், பூட்ஸ் இரண்டும் தண்ணீரில், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தான். கம்பு பக்கத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மீன் இல்லை, நூல் முழுக்கச் சுருட்டி, பூச்சி வளையத்தில். உடம்புக்கு முடியாமல் வந்தபோதுகூட முதலில் பூச்சியை வளையத்தில் மாட்டியிருக்கிறான், ஒழுங்கு, டிரில் மாஸ்டர். அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். கண் திறந்திருந்தது. மடுவைப் பார்க்கவில்லை, நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டேன்.

இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கினேன், கத்தினேன், அடித்தேன்கூட, எழுந்திருடா நாயே என்று கன்னத்தில் அறைந்தேன், அதெல்லாம் யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இது பெரிய அட்டாக், பக்கத்துல நானே இருந்திருந்தாலும் கஷ்டம்தான்" என்றார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது உதவவில்லை. பிழைத்திருப்பானா மாட்டானா என்பது ஆண்டவன் கணக்கு, நான் அதைக் கேட்கவில்லை. அவன் அந்த வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தானே, அந்தப் பன்னிரண்டு நிமிஷம், அல்லது ஐந்தோ மூன்றோ, சபாபதி இதோ வருவான் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தால் போதும், அவன் செத்தே போயிருக்கட்டும், கையைப் பிடித்துக்கொண்டு செத்திருப்பான். வார்டு வாசலில் ஹெலன் கேட்டது ஒரே கேள்வி. அழவில்லை, அப்போது அழவே இல்லை, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிடலையாண்ணா? உங்களைக் கூப்பிடலையா?" என்றாள். நான் சொன்னேன், "இல்லம்மா. கூப்பிட நேரமே இருந்திருக்காது. வீசிட்டே இருந்திருக்கான், ஒரே செகண்ட்." அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "அப்ப கஷ்டப்படல" என்றாள். "படல" என்றேன். அந்தப் பொய்யை நான் எனக்காகச் சொன்னேனா அவளுக்காகச் சொன்னேனா என்று ஒரு வருஷமாகப் பிரித்துப் பார்க்கிறேன், சிக்கல் விழுந்த நூல் மாதிரி, இழுக்க இழுக்க இறுகுகிறது.

ஒன், நிறுத்து, டூ. இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை. மூடுபனி ஏறிவிட்டது, சோலைக்குள் ஏதோ பறவை சிரிக்கிற மாதிரி கத்துகிறது. ஹெலன் பாறையில் கையை வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள், அவள் உள்ளங்கைக்குக் கீழே இருப்பது அவன் முதுகு சாய்ந்த இடம். "இங்க நல்லா இருக்குண்ணா. அமைதியா இருக்கு. இப்படி ஒரு எடத்துல போனாரேன்னு நெனச்சா மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கு" என்கிறாள். பார், இதை எடுத்துவிடப் போகிறாயா என்று எனக்குள் ஒருவன் கேட்கிறான். அவளிடம் மிச்சம் இருப்பது இந்த நிம்மதி ஒன்றுதான், அதையும் பிடுங்கி உன் பாரத்தை இறக்கி வைக்கப் போகிறாயா, உனக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டும் என்பதற்காக. இன்னொருவன் சொல்கிறான், நடிக்காதே, நீ பயப்படுவது அவள் நிம்மதிக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு. அண்ணா என்று கூப்பிட உலகத்தில் உனக்கு வேறு ஆள் இல்லை. இரண்டு பேரும் சொல்வது நிஜம்தான். சாயங்காலம் எழுந்து நின்று என்ன சொல்லப்போகிறேன், எபனேசர் என்னுடைய நண்பன், நல்லவன், தூண்டிலும் கையுமாகப் போனான். சொல்லிவிடலாம். ஒரு தடவை சொன்னவனுக்கு இன்னொரு தடவை கஷ்டமா. அடுத்த வருஷமும் சொல்லலாம். அதற்கடுத்த வருஷமும் நான் இருந்தால் சொல்லலாம். "டீ எடுத்துட்டு வரட்டுமா?" என்று ஹெலன் எழுந்திருக்கிறாள். பை வளைவில் தட்டைப் பாறையில் இருக்கிறது, பழக்க தோஷம், வரும்போது நான்தான் அங்கே வைத்தேன். "பாத்துப் போங்க, வழுக்கும், உங்க முழங்கால் வேற" என்கிறேன். "மெதுவாத்தான் போவேன்" என்று சொல்லிக்கொண்டே தோளில் வலையோடு புதருக்குள் மறைந்துவிட்டாள்.

அவள் போன பிறகு மடு இன்னும் பெரிதாக, இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. சொல்லிப் பார்க்கிறேன், தண்ணீரிடம், சத்தமாகவே, ஹெலன் ஒரு விஷயம். இல்லை, அப்படி ஆரம்பித்தால் பயந்துவிடுவாள். எபி பற்றி ஒன்று சொல்லணும். அதுவும் சரியில்லை. பூச்சி மரத்து நிழலுக்குக் கீழே போகிறது, நான் அதைப் பார்க்கவில்லை, என் வாய்தான் பேசிக்கொண்டிருக்கிறது, பூவரசு இதழ்கள் மூன்று வரிசையாக வருகின்றன, நடுவில் ஒன்று இல்லாமல் போகிறது. இதழ் இல்லை, பூச்சி. சத்தமே இல்லை, ஒரு சின்ன வட்டம். என் கை என்னைக் கேட்காமல் தூக்கிவிட்டது, கம்பு வில்லாக வளைந்தது, ரீல் கத்தியது, எபியின் ரீல், அந்தச் சத்தத்தை நான் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. பெரியது. மடுவின் தலை வரை ஓடி, திரும்பி, என்னை நோக்கியே வருகிறது, நூல் தளரக்கூடாது, சுருட்டு, சுருட்டு, முள் இல்லாத கொக்கி, பின்னால் நகர்கிறேன், கல் புரள்கிறது, மூச்சு வாங்குகிறது, ஐயோ எபி, மாட்டிவிட்டதுடா. வலை. வலை எங்கே. கம்பை வலது கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், இடது கை விரல் இரண்டும் தானாக வாய்க்குள் போனது. அவன் கற்றுக்கொடுத்ததுதான், ஆனால் என் விசில் அவன் விசில் மாதிரி வராது, காற்றுதான் பாதி. அடித்தேன். ரெண்டு.

அடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மீன் இழுக்கிறது, நான் நிற்கிறேன், இந்த மடுவிலிருந்து வந்த கடைசி விசிலுக்கு அடுத்தது இது. எண்ண ஆரம்பித்தேன், என்னையறியாமல், ஒன், டூ, டிரில் எண்ணுவது போல. இருபதுகூட ஆகவில்லை. புதர் விலகியது, ஹெலன். கையில் டம்ளர் இருந்தது, அதைப் பார்க்காமலே வீசிவிட்டாள், செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள், அறுபது வயது, தேய்ந்த முழங்கால், சேலை முழுக்க நனைந்து காலைச் சுற்றிக்கொள்ள, வலையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, "எங்கண்ணா, எங்க, எங்க வெக்கணும்?" என்று கத்திக்கொண்டே வந்தாள். "தலைப் பக்கம், தண்ணிக்குள்ள விடுங்க, நான் மேல கொண்டுவர்றேன்." வைத்தாள். வந்தது. வலை கனத்தது. இரண்டு பேரும் முழங்காலளவு தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நீளம் ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கும், பக்கத்தில் ரோஸ் பட்டை, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, கீழ்த்தாடை கிழவனுடையதைப் போல வளைந்திருந்தது. ஹெலன் தொடப் போய், நிறுத்தி, கையை முதலில் தண்ணீரில் முக்கினாள். "நனைச்சுட்டுத்தானே தொடணும்? காஞ்ச கை பட்டா விட்டதுக்கப்புறம் செத்துடும்னு சொல்லுவார்." ஆமாம், அப்போது ஒன்றும் தெரியாது, நன்றாக நீந்திப் போகும், நாலு நாள் கழித்து எங்கேயோ செத்து ஒதுங்கும். கொக்கியைக் கழற்றினேன். அவள் மீனை ஓடைக்கு எதிராகப் பிடித்துக்கொண்டாள், நான் சொல்லாமலே, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. "வணக்கம் சார்" என்று அதனிடம் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மீன் வாலை ஒரு தடவை அசைத்துப் போய்விட்டது.

"எப்படி ஓடி வந்தேன் பாத்தீங்களா?" என்றாள், மூச்சு இன்னும் அடங்கவில்லை. "ரெண்டு விசில் கேட்டா அடுப்புல பால் இருந்தாலும் விட்டுட்டு ஓடணும்னு சொல்லுவார்ணா. சபாபதியைப் பாரு, நான் வாயிலிருந்து வெரலை எடுக்கறதுக்குள்ள வந்து நிப்பான், அப்படி ஒருத்தன் கூட இருந்தா எந்தக் காட்டுக்கும் போலாம்னு சொல்லுவார்."

இனி முடியாது. நான் ஆரம்பிக்கும் விதத்தை யோசிக்கவில்லை, எதுவும் யோசிக்கவில்லை.

"ஹெலன். அன்னைக்கு அவன் விசில் அடிச்சான்மா."

வலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மீனுக்கா?"

"இல்ல. தூண்டிலைச் சுருட்டி, பூச்சியை இந்த வளையத்துல மாட்டி வெச்சிட்டு, அப்புறம்தான் அடிச்சிருக்கான். மீன் மாட்டியிருக்குன்னு நெனச்சேன். அது என் முறை. பொறாமையில போகல. நின்னுட்டேன்."

தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனது. அவள் என் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள், அந்த வளையத்தை ஈர விரலால் ஒருமுறை தொட்டாள்.

"எத்தனை தடவை அடிச்சார்?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை மெதுவா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பை வெச்சிருக்கிற எடத்துல."

அவள் திரும்பி, தான் ஓடிவந்த வழியைப் பார்த்தாள். புதருக்கு இந்தப் பக்கம் டம்ளர் கிடந்தது, கொட்டிய டீ பாறையில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. 

"இவ்வளவு பக்கம்தானே" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.